ஒரே சட்ட வரி, நேரெதிரான இரண்டு தீர்ப்புகள்: அமெரிக்காவில் இனப் பிரிவினை எப்படி உடைந்தது?

ஒரு தீர்ப்பு வந்தால் அநீதி முடிந்துவிடுமா? அமெரிக்கப் பள்ளிகளின் கதையைப் பார்த்தால் உங்களுக்கே பதில் புரியும்.

அடிமை முறை ஒழிந்தபின், 1868-ல் அமெரிக்க அரசியல் சாசனத்தில் 14-வது திருத்தம் சேர்ந்தது. எந்த மாகாணமும் யாருக்கும் 'சட்டங்களின் சமமான பாதுகாப்பை' மறுக்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

1896: 'தனித்தனி, ஆனால் சமம்'

லூசியானாவில் கறுப்பினத்தவருக்குத் தனி ரயில் பெட்டி. அந்தச் சட்டத்தை நீதிமன்றத்துக்கு இழுக்கவே, 1892-ல் ஹோமர் பிளெஸ்ஸி வெள்ளையர் பெட்டியில் ஏறிக் கைதானார். உச்ச நீதிமன்றம் 7-1 என்று அவரைக் கைவிட்டது. வசதி சமமாக இருந்தால் பிரித்து வைப்பது தப்பில்லையாம்! நடைமுறையில் 'தனித்தனி' இருந்தது, 'சமம்' இல்லை.

1954: தலைகீழ் திருப்பம்

பிரவுன் வழக்கில் 4 மாகாணங்களின் பள்ளி வழக்குகள் ஒன்றாக விசாரிக்கப்பட்டன. பெற்றோர்கள் தரப்பு வழக்கறிஞர்களை வழிநடத்தியவர் தர்குட் மார்ஷல். பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியும் அவர்தான். தீர்ப்பு 9-0. கட்டடமும் புத்தகமும் சமமாக இருந்தாலும், நிறம் பார்த்துப் பிரிப்பதே சமத்துவமின்மை என்றது நீதிமன்றம்.

அப்போ எல்லாம் மாறிடுச்சா?

இல்லை. எப்படி அமல்படுத்துவது என்று சொன்ன 1955 உத்தரவில் காலக்கெடுவே இல்லை. 1957-ல் லிட்டில் ராக் நகரில் 9 மாணவர்கள் பள்ளிக்குள் நுழைய ராணுவம் வர வேண்டியிருந்தது. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டி, 1959-ல் அரசுப் பள்ளிகளையே இழுத்து மூடியது. அவை திறக்க 1964 ஆனது. தீர்ப்பு வந்து கிட்டத்தட்ட 10 வருடம் ஆன பிறகும், 11 தென் மாகாணங்களில் 100 கறுப்பின மாணவர்களில் சுமார் ஒருவர்தான் வெள்ளை மாணவர்களோடு ஒரே பள்ளியில் படித்தார்.

எது மாற்றியது?

பணம். பாகுபாடு காட்டினால் மத்திய அரசு நிதி நிற்கும் என்றது 1964 சிவில் உரிமைச் சட்டம். உடனே பலன் தரும் திட்டம் வேண்டும் என்று 1968-ல் கிரீன் வழக்கில் நீதிமன்றமும் கறார் காட்டியது. அதற்குப் பிறகே எண்ணிக்கை வேகமாக ஏறியது.

நமக்கு என்ன?

நம் அரசியல் சாசனத்தின் 14-வது பிரிவிலும் அதே 'சட்டங்களின் சமமான பாதுகாப்பு' இருக்கிறது. அடுத்த முறை 'வரலாற்றுத் தீர்ப்பு' என்று தலைப்பு பார்த்தால், மூன்று விஷயம் தேடுங்கள்: காலக்கெடு இருக்கிறதா? அமல்படுத்துவது யார்? மீறினால் என்ன இழப்பு?