காயல் துறையில் இறங்கிய குதிரைகள்

உடன்குடி என்றதும் நமக்குக் கருப்பட்டி நினைவுக்கு வருகிறது. கருப்பட்டியை அடுத்துப் பனையும், பனையை அடுத்துச் செம்மண் தேரியும் கண்ணில் நிற்கின்றன. இந்தச் சீமைப் பையன் ஒருவன் கால்நடை வைத்தியம் படிக்கப் போகிறேன் என்று சொல்லட்டும், "மாட்டு டாக்டருக்கா படிக்கப் போறே, ஐயா? மனுச டாக்டருக்கு எடம் கெடைக்கலியா?" என்று கேட்பதற்குத் தெருவுக்கு ஒரு பாட்டி இருப்பாள். பாட்டியின் பேரில் குற்றமில்லை. நம் நாட்டில் மிருக வைத்தியத்துக்கு இருக்கிற மதிப்பைத்தான் அவள் வாய்விட்டுச் சொல்கிறாள். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாத ஊர் ஒன்று உலகத்தில் உண்டென்றால், அது இந்தக் கடற்கரைச் சீமைதான். ஏன் என்பது ஏழு நூற்றாண்டுக்கு முந்திய கதை.

உடன்குடியிலிருந்து திருச்செந்தூரைத் தாண்டி வடக்கே போனால் தாமிரபரணியின் முகத்துவாரம் வருகிறது. அதன் அருகில் பழைய காயல். இன்று அமைதியான சிற்றூர். ஆனால் சுமார் 1292-ஆம் ஆண்டு வாக்கில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ கண்ட மாபெரும் துறைமுகம் இதுதான் என்று கால்டுவெல் ஐயர் தமது 1881-ஆம் வருஷத்துத் திருநெல்வேலிச் சரித்திரத்தில் எடுத்துக் காட்டினார். உடன்குடிக்குத் தென்மேற்கே இடையன்குடியில் வாழ்ந்தவர் அவர். இந்தக் கரையின் மண்ணை நடந்து அறிந்தவர்.

ஹோர்முஸ், ஏடன் முதலிய மேற்குத் துறைகளிலிருந்து வரும் கப்பல்கள் காயலில் வந்து தங்கின. அவை கொண்டு வந்த சரக்குகளில் விலை உயர்ந்தது குதிரை. பாண்டிய மன்னர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறார்; அவருடைய சகோதரர்களும் அப்படியே வாங்குகிறார்கள்; ஆனால் வருஷ முடிவில் அவற்றில் நூறுகூட உயிரோடு இருப்பதில்லை என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். பாரசீக ஆசிரியர் வஸ்ஸாப் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை என்றும், ஒன்றின் விலை 220 பொன் தினார் என்றும், கடலில் செத்த குதிரைக்கும் பணம் கொடுக்கப்பட்டது என்றும் சொல்கிறார். யாத்திரீகர்களுக்கும் சரித்திரக்காரர்களுக்கும் கணக்கில் சற்றுக் கை தாராளம் உண்டு. பாதியைத் தள்ளிவிட்டாலும் மிச்சம் இருப்பது சாமானியத் தொகை அல்ல.

ஏன் செத்தன? இருவரும் ஏறக்குறைய ஒரே காரணத்தைத்தான் சொல்கிறார்கள். இங்குள்ளவர்களுக்குக் குதிரையை வளர்க்கத் தெரியவில்லை. சோற்றையும் இறைச்சியையும் சேர்த்து வேகவைத்துக் கொடுத்தார்கள் என்கிறார் போலோ. வறுத்த தானியமும், வெண்ணெயில் சமைத்த தீனியும், காய்ச்சின பாலும் கொடுத்தார்கள் என்கிறார் வஸ்ஸாப். அன்பில் குறைவில்லை என்று தெரிகிறது. விருந்தாளிக்கு இலை போட்ட மாதிரி குதிரைக்கும் போட்டிருக்கிறார்கள்! புல்லும் கொள்ளும் தின்று, உலாவி வாழ வேண்டிய பிராணி இந்த உபசாரத்தை எத்தனை நாள் தாங்கும்?

மார்க்கோ போலோ அடுத்தாற்போல் சொல்வதுதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. குதிரைக்கு லாடம் கட்டி வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர்கள் ஒருவரையும் அந்த வியாபாரிகள் இங்கே கப்பலேற்றுவதில்லை; பிறர் போவதையும் தடுத்து விடுவார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் அடுத்த குதிரை விற்கும்! முத்தை விற்று வந்த பொன் குதிரையாகிச் செத்தது. சரக்கைக் கொடுத்தார்கள்; சரக்கைக் காப்பாற்றும் வித்தையைக் கொடுக்கவில்லை.

இதைப் படித்துவிட்டுத் தமிழனுக்குப் பிராணிகளைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று முடிவு கட்டக் கூடாது. மாட்டின் சுழியையும் கொம்பையும் நடையையும் பார்த்துக் குணம் சொல்லும் சாமர்த்தியம் நம் சம்சாரிகளிடம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. மாட்டு வாகடம் என்ற பெயரில் ஏடுகள் எழுதி வைத்தார்கள். வெக்கை, கோமாரி, அடைப்பான் என்று நோய்களுக்குப் பெயரிட்டு இனம் பிரித்தார்கள். அப்படியானால் மாட்டைத் தெரிந்த கைக்குக் குதிரை ஏன் பிடிபடவில்லை?

எனக்குத் தோன்றுவது இது: உழவு மாடு செத்தால் சம்சாரியின் வயல் தரிசாகும். ஆகவே அவன் வைத்தியம் கற்றான். குதிரை செத்தால் லாயக்காரனுக்கு ஒரு காசு நஷ்டமில்லை, பொன் கஜானாவுடையது. வியாபாரிக்கோ லாபம். யாருக்கு நஷ்டமோ அவனே வைத்தியம் கற்கிறான். உலகத்தில் மிருக வைத்தியக் கல்வி வளர்ந்த சரித்திரத்தை இந்தச் சூத்திரத்தை வைத்துக்கொண்டே படித்துவிடலாம்.

பிரான்ஸில் மாட்டுக் கொள்ளைநோய் பரவி ஊர் ஊராகத் தொழுவங்கள் காலியானபோது, குதிரையேற்ற ஆசிரியரான குளோட் பூர்ழெலா லியோன் நகரில் ஒரு பள்ளிக்கு 1761-இல் அரசாங்க அனுமதி பெற்று, 1762-இல் அதைத் திறந்தார். உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி அதுவே. இந்தியாவில் ஆங்கில அரசாங்கத்துக்கு முதல் கவலை தன் ராணுவக் குதிரைகளைப் பற்றித்தான். அப்புறம் வெக்கை நோய் நாடெங்கும் மாடுகளை வாரிக்கொண்டு போனது. அதை ஆராய அமைத்த கமிஷன் 1871-இல் அறிக்கை தந்தது. 1882-இல் லாகூர், 1886-இல் பம்பாய், 1893-இல் கல்கத்தா என்று வரிசையாகக் கல்லூரிகள் தோன்றின. சென்னையின் முறை 1903, அக்டோபர் முதல் தேதி வந்தது. டாபின் ஹால் என்ற கட்டடத்தில் இருபது மாணவர்களோடு ஆரம்பித்த கல்லூரி, 1905-இல் வேப்பேரிக்குக் குடிபெயர்ந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

ஆரம்பத்தில் அங்கே கொடுத்தது டிப்ளமாதான். 1935-இல் சென்னைச் சர்வகலாசாலை அந்தக் கல்லூரியைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. இந்தியாவில் கால்நடை மருத்துவத்துக்குப் பட்டம் தந்த முதல் கல்லூரி வேப்பேரிக் கல்லூரியே. நேற்றுவரை கைத்தொழில் என்று நினைத்த ஒன்றை, சட்டத்துக்கும் மனித வைத்தியத்துக்கும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். 1989-இல் தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவத்துக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. நாட்டில் அந்த வகையில் அதுவே முதலாவது.

படித்தவர்களால் ஆன பலன் என்ன? ஒன்றைச் சொன்னால் போதும். முக்தேசுவரம் ஆராய்ச்சிச் சாலையில் எட்வர்ட்ஸ் என்பவர் 1920-களில் வெக்கைக் கிருமியை ஆட்டின் உடலில் திரும்பத் திரும்பச் செலுத்தி அதன் வேகத்தைக் குறைத்தார். வேகம் தணிந்த கிருமியே மாட்டுக்குத் தடுப்பு மருந்தாயிற்று. மாட்டைக் காக்க ஆடு உதவியது! 1954-இல் அந்த நோயை ஒழிக்கும் தேசியத் திட்டம் பிறந்தது. கால்நடை டாக்டர்கள் ஊசியும் பெட்டியுமாக ஊர் ஊராக அலைந்தார்கள். இந்தியாவில் அந்த நோய் கடைசியாகத் தலைகாட்டியது 1995-இல், நம் தமிழ்நாட்டிலேதான். 2011-இல் உலகத்திலேயே வெக்கை இல்லை என்று அறிவித்தார்கள். மனிதன் பூமியிலிருந்து ஒழித்த நோய்கள் இரண்டு. ஒன்று பெரியம்மை, மற்றது இது. இரண்டாவதை ஒழித்தவர்கள் நாம் அலட்சியமாகச் சொல்லும் மாட்டு டாக்டர்கள்.

விலங்கியல் படிப்பதும் இதுவும் ஒன்றா என்று சிலர் கேட்பதுண்டு. இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள், குணம் வேறு. விலங்கியல்காரர், "இந்தப் பிராணி யார், எப்படி வாழ்கிறது?" என்று கேட்கிறார். வைத்தியர், "இதற்கு என்ன உபாதை?" என்று கேட்கிறார். முதல் கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதற்குப் பதில் சொல்ல முடியாது. குதிரை எதைத் தின்று வாழும் பிராணி என்று கேட்டு அறியாததனால்தானே காயலில் அத்தனை உபசாரமும் விஷமாயிற்று?

2012-ஆம் ஆண்டு திருநெல்வேலியை அடுத்த ராமையன்பட்டியில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். உடன்குடியில் காலையில் பஸ் ஏறினால் வெயில் உச்சிக்கு வருமுன் போய்ச் சேரலாம். ஐந்தரை ஆண்டுப் படிப்பு. கடைசி ஓராண்டு முழுவதும் கையைத் தொழுவத்தில் வைத்துக் கற்பது. தேரி ஓரத்து வெள்ளாடும், தூத்துக்குடிப் பக்கத்துக் கொடி ஆடும், கோவில்பட்டிச் சீமைக் கன்னி ஆடும் அங்கே பாடங்கள். ஓர் ஆடு செத்தால் ஒரு பெண்பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளமும், ஒரு வீட்டின் தீபாவளியும் சேர்ந்து சாகிற ஊர்கள் இவை. அந்த நஷ்டத்தை வீட்டில் பார்த்து வளர்ந்த பிள்ளைகளே அந்த வகுப்பில் வந்து உட்கார வேண்டும் என்பது என் ஆசை.

காயல் வியாபாரிகள் ஒளித்து வைத்த வித்தை இது. பாண்டியன் கஜானா முழுவதையும் கொட்டியும் வாங்க முடியாமல் போனதை, இன்று பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கிய பனையேறி மகன் கேட்டுப் பெறலாம்.