கடுவன் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு: வருமுன் காப்போம்

கடுவன் பூனை மூலையில் உட்கார்ந்து உட்கார்ந்து முக்குகிறது. தொழுகை விரிப்பில் சொட்டு விடுகிறது. நாம் சேட்டை என்று விரட்டுகிறோம். மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் புகட்டுகிறோம். ஆனால் பல நேரங்களில் அது சிறுநீர்ப்பை நோயின் அறிகுறி.

ஏன் வருகிறது?

வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. அதனால் இதற்குத் தாகம் குறைவு, சிறுநீரின் அடர்த்தி அதிகம். அதில் ஸ்ட்ரூவைட், கால்சியம் ஆக்சலேட் உப்புகள் கல்லாகப் படியலாம். கடுவனின் சிறுநீர்க்குழாய் குறுகலானது என்பதால் எளிதில் அடைத்துக்கொள்ளும். இளம் பூனைகளுக்குக் கிருமித்தொற்று அபூர்வம். மன அழுத்தத்தால் தூண்டப்படும் சிறுநீர்ப்பை அழற்சியே அதிகம்.

தடுக்கும் வழிகள்

* காரியாபட்டி வெயிலுக்குத் தண்ணீரே முதல் மருந்து. 4 கிலோ பூனைக்கு உணவிலுள்ள ஈரத்தையும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 200 மில்லி நீர் தேவை. அகன்ற கிண்ணங்களில் இரண்டு மூன்று இடங்களில் வைத்து, தினமும் மாற்றுங்கள்.
* பாக்கெட் உலர்தீவனத்தில் ஈரம் சுமார் 10 சதவீதம்தான். ஈர உணவில் 75 சதவீதத்துக்கு மேல். உலர்தீவனத்தில் வெந்நீர் ஊற்றி, ஆறவைத்துக் கொடுக்கலாம்.
* மணல் தொட்டியைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தொட்டி கூடுதலாக இருக்கட்டும்.
* உடல் பருக்க விடாதீர்கள், ஓடியாட விடுங்கள்.
* நம்முடையது பட்டாசு மாவட்டம். வெடிச்சத்த நாட்களில் ஒளிந்துகொள்ள அமைதியான ஓர் அறை கொடுங்கள்.

எப்போது அவசரம்?

அடிக்கடி முக்குதல், கத்துதல், இரத்தம் கலந்த சிறுநீர், உறுப்பை ஓயாமல் நக்குதல் ஆகியவை எச்சரிக்கை. முக்கியும் சொட்டு வராவிட்டால் காலை வரை காத்திருக்கக் கூடாது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாட்களில் உயிரே போகலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். உள்ளூரில் வசதியில்லையென்றால் மதுரைக்குக் கிளம்புங்கள். வலிக்கு என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். பூனைக்கு அது விஷம்.

பூனையை அடைத்து வைத்து, உணவளிக்காமல் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக புகாரியில் பதிவாகியுள்ளது. வளர்ப்பது நம் விருப்பம். வளர்க்கத் தொடங்கிவிட்டால் அதன் தண்ணீரும் வைத்தியமும் நம் பொறுப்பு.