கண்ட்ரோல்-கே அழுத்திட்டு யோசிச்சா...

கண்ட்ரோல்-கே, அப்புறம் எஸ் அழுத்தினா கோப்பு சேமிக்கப்படும். 1978-ல் ராப் பார்னபி எழுதிய வேர்ட்ஸ்டாரில் இப்படித்தான். மவுஸ் இல்லை, கட்டளைகளோ ஏராளம். அதனால கோப்பு, பிளாக் வேலையெல்லாம் கே-க்குக் கீழே. தேடுறது, சட்டுனு தாவுறது க்யூ-வுக்குக் கீழே.

எனக்குப் பிடிச்சது இதுதான்: முதல் விசைக்கப்புறம் ரெண்டாவதை உடனே தட்டினா வேலை முடிஞ்சுடும். தயங்கி நின்னா, அந்தக் குடும்பத்தோட மெனு தானா வந்து நிற்கும். தெரிஞ்சவருக்குத் தொந்தரவு இல்லை, தெரியாதவருக்குக் கைவிளக்கு.

1976-ல் பிறந்த இமாக்ஸில், தயங்கினா பட்டியல் காட்டுற விச்-கீ 2025-ல் வந்த 30-ஆம் பதிப்பில்தான் கூடவே சேர்ந்தது!

மென்பொருள் எழுதுற மக்களே, ரெண்டாவது விசைக்குக் காத்திருக்கிறதைத் திரையில் சொல்லுங்க. சொல்லலைன்னா, பாவம், அடுத்து அடிக்கிற எழுத்து எங்கே போச்சுன்னு பயனர் தேடுவார் :-)