வேப்பங்கொட்டை விட்டுச் செல்லாத சான்று

1962ஆம் ஆண்டில் பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டங்கள் தில்லிக்குள் புகுந்தன. அங்குள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய எஸ். பிரதான், எம். ஜி. ஜோத்வானி, பி. கே. ராய் ஆகிய பூச்சியியலாளர்கள், அரைத்த வேப்பம்பருப்பை நீரில் கலந்து பயிர்களின்மீது தெளித்திருந்தனர். வெட்டுக்கிளிகள் இறங்கின, தெளித்த செடிகளிலும் அமர்ந்தன, ஆனால் இலையைத் தின்னவில்லை. அந்த ஆண்டே இச்செய்தி 'இந்தியன் ஃபார்மிங்' இதழில் வெளியாயிற்று.

இந்தச் சோதனையில் பயிரைக் காத்தது பூச்சியின் சாவு அன்று, அதன் பட்டினி. தானியக் குதிரிலும் துணிப்பெட்டியிலும் வேப்பிலை போட்டுவைத்த இந்திய வீடுகளுக்கு இது புதிய செய்தியும் அன்று. எனினும் அன்றைய காலம் வேறு அளவுகோலைக் கையில் வைத்திருந்தது. கல்கத்தாவை அடுத்த ரிஷ்ராவில் 1952இல் பி.எச்.சி. உற்பத்தி தொடங்கியிருந்தது. தில்லியிலேயே 1955 முதல் அரசு ஆலை டி.டி.டி. தயாரித்து வந்தது. மருந்து அடித்த மறுநாள் செடிக்கடியில் பூச்சிகள் செத்துக் கிடந்தால் மருந்து வேலை செய்தது என்று பொருள். அவ்வாறு காட்டுவதற்கு வேம்பிடம் ஒன்றுமில்லை. கேரளத்தில் 1958இல் பாரத்தியான் கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் பூச்சிக்கொல்லிகளை நெறிப்படுத்தும் சட்டம் 1968இல் வந்தது. ஆனால் அளவுகோல் மாறவில்லை.

வேம்பின் செயலுக்கு விளக்கம் மெல்லவே கிடைத்தது. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிகள் வேப்பமரங்களை மட்டும் விட்டுவிட்டுச் சென்றதை ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் கண்டார். 1968இல் பட்டர்வொர்த், மார்கன் ஆகிய இருவரும் இங்கிலாந்தில் வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். இப்பொருள் இரு வழிகளில் வேலை செய்கிறது. முதலாவது, இலையைக் கடித்த புழுவுக்கு மேலும் தின்னும் நாட்டம் எழாது. இரண்டாவது, சிறிதளவு உட்கொண்ட புழுவின் உடலில் தோலுரிப்பைத் தூண்டும் சுரப்பு குலையும். தோலுரிக்க இயலாத புழு வளர்வதில்லை. இதனாலேயே இது இளம்புழுக்களிடம் நன்கு பலிக்கிறது. முதிர்ந்து கொழுத்த புழுவிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை.

கொல்லும் மருந்துகளின் கணக்கு இதற்கிடையே தவறத் தொடங்கியது. தக்காளியைத் துளைத்து, வெண்டையைக் குடைந்து, பருத்திக்காயையும் அழிக்கும் காய்ப்புழு, 1987இல் ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பைரித்திராய்டு மருந்துகளுக்கு அடங்க மறுத்தது. அடித்த மருந்துக்குத் தப்பியவை பெருகின. அவற்றுக்காக மேலும் மருந்து அடிக்கப்பட்டது. வாரங்கல் மாவட்டத்தில் 1997-98ஆம் பருவத்தில் புரொடீனியாப் புழுவின் தாக்குதலால் பருத்தி அழிந்தது. கடன் வாங்கி மருந்து அடித்த உழவர் பலர் தற்கொலை செய்துகொண்டனர்.

அருகிலுள்ள கம்மம் மாவட்டத்துப் புனுகுலா கிராமம் வேறு வழியைத் தேர்ந்தது. 1999இல் சில குடும்பங்கள் மருந்தை நிறுத்திவிட்டு வேப்பங்கொட்டைக் கரைசல், மிளகாய்-பூண்டுச் சாறு, இனக்கவர்ச்சிப் பொறி, ஓரப்பயிராக ஆமணக்கும் செண்டுமல்லியும், கையால் முட்டை பொறுக்குதல் ஆகியவற்றைக் கைக்கொண்டன. வேப்பங்கொட்டையை இடித்துக் கொடுக்கும் வேலையில் பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் முன்னின்றன. ஐந்தாண்டுகளுக்குள் ஊர் முழுவதும் பூச்சிக்கொல்லியைக் கைவிட்டது. பின்னர் ஒன்றுபட்ட ஆந்திரத்தின் ஊரக வறுமை ஒழிப்புச் சங்கம் இம்முறையைப் பல மாவட்டங்களுக்கு எடுத்துச் சென்றது.

வீட்டறிவு தடயம் விடாததன் விலை இன்னொரு களத்திலும் தெரிந்தது. செடிகளைத் தாக்கும் பூஞ்சையை வேப்பெண்ணெய்ச் சாற்றால் கட்டுப்படுத்தும் முறைக்கு, அமெரிக்க வேளாண் துறைக்கும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் உரிமை வழங்கியது. வந்தனா சிவாவும் மற்றவர்களும் 1995இல் எதிர்ப்பு மனு அளித்தனர். இந்தியாவில் எல்லோரும் அறிந்ததே என்னும் வாதம் மட்டும் அங்குப் போதவில்லை. மகாராஷ்டிரத்தின் புணே, சாங்லி மாவட்டங்களில் 1985, 1986ஆம் ஆண்டுகளில் உழவர் வயல்களில் நடந்த சோதனைகளைப் பற்றிய வாக்குமூலமே வலுவான சான்றாயிற்று. 2000இல் உரிமை நீக்கப்பட்டது. 2005 மார்ச் 8ஆம் நாள் மேல்முறையீடும் தள்ளுபடியானது. தலைமுறைகளின் பழக்கத்தைவிட இரண்டு கோடைக்காலங்களின் சோதனைக்கே அந்த மன்றத்தில் எடை அதிகமாயிருந்தது.

இன்று வீட்டுத் தோட்டத்திலும் மாடியிலும் காய்கறி வளர்ப்போர் வேப்பங்கொட்டையைப் பற்றிச் சொல்லும் குறை, 1950களின் அளவுகோலிலிருந்து பிறந்ததே: "தெளித்தோம், மறுநாளும் புழு உயிரோடு இருக்கிறது." எட்டு மாதத்துக்கு மேல் பழகாத கொட்டையின் பருப்பு 50 கிராம் எடுத்து, இடித்துத் துணியில் முடிந்து, சிறிது நீரில் ஓரிரவு ஊறவைக்க வேண்டும். அதைப் பிழிந்து வடிகட்டி, நீர் சேர்த்து 1 லிட்டராக்கி, இலையில் ஒட்டுவதற்குச் சிறிது சோப்புக் கரைசல் கலந்தால் ஐந்து விழுக்காட்டுக் கரைசல் ஆயத்தம். வெயில் அசாடிராக்டினைச் சிதைப்பதால் மாலையில், இலையின் அடிப்புறமும் நனையுமாறு தெளிப்பது நலம். முட்டைக் குவியலும் பெரிய புழுக்களும் கண்ணில் பட்டால் கையால் எடுத்துவிடவேண்டியதுதான்.

பலனை அறிய, செத்த புழுவைத் தேடவேண்டியதில்லை. நான்கைந்து நாள் கழித்து வரும் புதிய தளிரில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். 1962இல் தில்லி வயலில் அந்த மூவரும் பார்த்ததும் தின்னப்படாத இலையைத்தான். வீட்டில் தெளிப்பவர் எந்த நாளில் எந்தச் செடிக்குத் தெளித்தார், தளிர் எப்படி வந்தது என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பதும் நன்று. எழுதப்படாத அறிவுக்கு என்ன நேரும் என்பதை வேம்பின் வரலாறு ஒருமுறை காட்டிவிட்டது.