தோற்றுப்போன மருந்து

1890 ஆகஸ்ட். பெர்லினில் உலக மருத்துவ மாநாடு. எட்டு ஆண்டுகளுக்கு முன் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக் மேடையேறினார். அந்தக் கிருமியை அடக்கும் பொருள் ஒன்று தன்னிடம் இருப்பதாக அறிவித்தார். என்ன பொருள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

நோயாளிகள் பெர்லினுக்குப் படையெடுத்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த டாக்டர் கோனன் டாயல்கூட நேரில் போய்ப் பார்த்து, சந்தேகத்தோடு திரும்பினார். கோக் தனக்கே கால் மில்லி ஊசி போட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாம் மணி நேரத்தில் குளிர் தூக்கிப்போட்டது. வாந்தி, கடும் காய்ச்சல். அந்த நடுக்கத்தின் அர்த்தம் அப்போது யாருக்கும் பிடிபடவில்லை.

ஊசி போட்டுக்கொண்டவர்கள் இறக்கத் தொடங்கினார்கள். சடலங்களை அறுத்துப் பார்த்த நோயியல் வல்லுநர் விர்கோ, நோய் புதிதாகப் பரவியிருப்பதைக் காட்டினார். 1891 ஜனவரியில் கோக் வாய் திறந்தார்: அது காசநோய்க் கிருமியிலிருந்தே கிளிசரினில் எடுத்த சாறு. இத்தனை உயிர்களோடு விளையாடும் பொருளை அவர் மறைத்தது பெரும் தவறு. டியூபர்குலின் எனப்பட்ட அந்தச் சாறு மருந்தாகச் செத்தது. ஆனால் கால்நடை மருத்துவர்கள் அதைக் கைவிடவில்லை. காசநோய் கண்ட மாட்டுக்கு மட்டும் அந்த ஊசியால் காய்ச்சல் ஏறியது!

1907இல் வியன்னாவில் கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே குழந்தைகளின் தோலை லேசாகக் கீறி அதே சாற்றைத் தடவினார். இருமலோ இளைப்போ இல்லாத பிள்ளைகள் பலருக்கும் தடித்தது. அப்படியானால் கிருமி எங்கே பதுங்கியிருந்தது?

மறு ஆண்டே பிரான்சில் சார்ல் மாண்டூ, கீறலுக்குப் பதில் தோலுக்குள்ளேயே மெல்லிய ஊசியால் செலுத்தினார். தடிப்பு வரவோ இரண்டு மூன்று நாள் ஆனது. ஏன் இந்தத் தாமதம்? 1945இல் மெரில் சேஸ், டியூபர்குலினுக்குத் தடிக்கும் கினிப் பன்றியின் வெள்ளணுக்களை எடுத்து ஆரோக்கியமான கினிப் பன்றிக்கு ஏற்றினார். அதற்கும் தடித்தது! கிருமியை நினைவு வைத்திருந்தவை செல்கள்.

பின்னால் முழுக் கதையும் துலங்கியது. காசநோய்க் கிருமி, தன்னை விழுங்கிய காவல் செல்லுக்குள்ளேயே குடியேறுகிறது. அந்தச் செல்லோ கிருமியின் புரதத்தைத் துண்டாக்கித் தன் மேற்பரப்பில் தூக்கிக் காட்டுகிறது. வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்கள் அதைக் கண்டு நினைவில் வைக்கின்றன. அதே புரதம் தோலில் இறங்கினால் அங்கே மெல்லத் திரள்கின்றன. கோக்கை உலுக்கியதும் இந்த நினைவாகத்தான் இருக்க வேண்டும்.

முன்கையில் ஊசி போட்டு, 48 முதல் 72 மணி நேரம் கழித்து ஸ்கேல் வைத்துத் தடிப்பை அளக்கும் மாண்டூ டெஸ்ட் பிறந்தது இப்படித்தான். அந்த ஊசியில் இன்றும் இருப்பது, கோக்கின் டியூபர்குலினைச் சுத்திகரித்தெடுத்த புரதம்.