காட்டோரக் கிராமத்துக்கு எந்தச் சமப்படுத்தி?

கைத்தொலைபேசிக் கோபுரத்துக்கு எட்டத்திலுள்ள வன்னிக் கிராமங்களில் படம் வந்து சேர்ந்துவிடும்; அனுப்பும் படம்தான் போகாமல் நிற்கும். கைத்தொலைபேசி வெளிவிடும் வலு 0.2 வாற்று, கோபுரத்தினதோ பல பத்து வாற்று. ஆனால் வலு மட்டும் காரணமல்ல. வழியில் குலைந்த சமிக்ஞையைப் பெறுமிடத்தில் நேராக்கும் சமப்படுத்திக்கும் இதில் பங்குண்டு.

அலை நேராகவும் வரும், மரவரிசையிலும் குளத்து நீரிலும் பட்டுத் தெறித்தும் வரும். 4ஜி அலைவரிசையை 15 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் துணைக்காவிகளாகப் பிரிக்கிறது. அவற்றில் சில பலமாகவும் சில நலிந்தும் வந்து சேரும். இதை நேராக்க ஒவ்வொன்றையும் ஓர் எண்ணால் பெருக்கினால் போதும். அந்த எண்ணைத் தேர்வதில்தான் சீரோ ஃபோர்சிங், எம்எம்எஸ்இ என்ற இரு சமப்படுத்திகளும் பிரிகின்றன.

ஒரு துணைக்காவியின் வீச்சு பத்தில் ஒன்றாகக் குன்றியது என்போம். சீரோ ஃபோர்சிங் அதைப் 10ஆல் பெருக்கி மீட்கும். கூடவே இரைச்சலின் வலு 100 மடங்காகும். எம்எம்எஸ்இ இரைச்சலையும் கணக்கில் எடுக்கும். நலியாத துணைக்காவியில் சமிக்ஞையின் வலு இரைச்சலைப்போல் 10 மடங்கு என்றால், நலிந்ததை அது 0.9ஆல் மட்டுமே பெருக்கும்.

இதைக் கொண்டு எம்எம்எஸ்இ எங்கும் மேல் என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கோபுரத்திலிருந்து தொலைபேசிக்கு வரும், ஓர் அன்ரனா கொண்ட இறங்குவழியில் ஒவ்வொரு துணைக்காவியும் தனித்தனி. சமிக்ஞையையும் இரைச்சலையும் ஒரே எண்ணால் பெருக்கினால் விகிதம் மாறாது. நம்பகத்தன்மையின் அளவையும் சரியாகக் கடத்தினால், குறிநீக்கியில் இரண்டும் ஒரே விடையையே தரும்.

தொலைபேசியிலிருந்து கோபுரத்துக்குப் போகும் ஏறுவழி வேறு. தொலைபேசியின் பெருக்கிக்குச் சுமை குறைய, அங்கே ஒவ்வொரு குறியீடும் அதற்கு ஒதுக்கிய எல்லாத் துணைக்காவிகளிலும் பரப்பி அனுப்பப்படுகிறது. கோபுரத்தில் சமப்படுத்திய பின் அவை மீண்டும் ஒன்றுசேரும். 60 துணைக்காவிகளில் 59 நலமாயிருந்து மேற்சொன்ன ஒன்று மட்டும் நலிந்தாலும், சீரோ ஃபோர்சிங்கில் சராசரி இரைச்சல் 2.65 மடங்காகி எல்லாக் குறியீடுகளிலும் பரவும். காட்டோரத்து மனிதருக்கு எம்எம்எஸ்இ தேவைப்படுவது இங்கேதான். குறியீடுகளுக்கிடையே சிறு கலப்பு எஞ்சும், அது தாங்கத்தக்கது. கோபுரத்தடியில், இரைச்சல் அற்பமாகையால், இரண்டும் ஏறத்தாழ ஒன்றே.

எம்எம்எஸ்இக்கு இரைச்சலின் அளவு தெரிந்திருக்க வேண்டும். குறைத்து மதிப்பிட்டால் அது சீரோ ஃபோர்சிங்கை நெருங்கிவிடும். கூட்டி மதிப்பிட்டால் குறியீட்டுக் கலப்பு பெருகும். இதை நேரில் அளந்து பார்க்கலாம்: 2014இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் தொடங்கிய யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலிருந்து இரணைமடுக் குளம் கிட்டத்தான். மாரியில் நிரம்பிய குளத்தின் தெறிப்பும் ஆவணியில் வற்றிய குளத்தின் தெறிப்பும் ஒன்றல்ல. அங்குள்ள மாணவர்கள் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு இறங்குவழி வரைபடத்தை இன்னொருமுறை வரைவதைவிட, குளக்கட்டில் நின்று இரண்டு காலத்திலும் ஏறுவழியை அளக்கலாம்.