தொழுநோயும் எச்.ஐ.வி.யும்: திருவள்ளூர் வட்டாரத்தில் ஒரு நோய்ச் சரித்திரம்

பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் ஒரு பகுதியாக இருந்து, 1997 ஜனவரியில் தனி மாவட்டமான திருவள்ளூர், தொழுநோய் ஆராய்ச்சியின் சரித்திரத்தில் வகிக்கும் ஸ்தானம் போதிய அளவு உணரப்படவில்லை என்பது என் அபிப்பிராயம். அதே பழைய ஜில்லாவின் திருமணியில் 1924இல் தோன்றிய லேடி வில்லிங்டன் நிலையம் 1955இல் மத்திய ஆராய்ச்சி ஸ்தாபனமாக உயர்ந்தது. 1968இல் திருவள்ளூரைச் சூழ்ந்த கிராமங்களில் காசநோய்த் தடுப்புக்கென்று தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசிப் பரிசோதனையைக் கொண்டே, தொழுநோய்க்கும் அவ்வூசி காப்பாகுமா என்று பின்னர் ஆராய்ந்தார்கள். ஆவடியிலிருந்த கள ஆராய்ச்சிப் பிரிவோ 1991 ஜனவரி முதல் 1,71,400 பேரைச் சேர்த்துத் தொழுநோய்க்கான நான்கு தடுப்பூசிகளை ஒப்பிட்டுப் பார்த்தது.

அதற்கு ஐந்தாண்டுகள் முன்பே, 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனீதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்திருந்தனர். எச்.ஐ.வி. பரவிய பல தேசங்களில் காசநோய் பெருகியதைக் கண்ட வைத்தியர்கள், அதே கிருமிக் குலத்தைச் சேர்ந்த தொழுநோயும் அவ்வாறே பெருகும், அதுவும் கிருமிகள் மலிந்த கடுமையான வகையாகவே வெளிப்படும் என்று அஞ்சியது முற்றிலும் நியாயமே. ஆனால், 1990களில் தென்னிந்தியத் தொழுநோயாளரிடையே நடந்த இரத்தப் பரிசோதனைகளில் எச்.ஐ.வி. தொற்று மற்றவர்களைவிட மிகுந்திருப்பதாகத் தெரியவில்லை. பிரேசில் நாட்டு ஆய்வாளர்களோ, எதிர்ப்புச் சக்திக்கு ஆதாரமான சி.டி.4 அணுக்கள் மிகக் குறைந்தவரின் தோலிலும், தொழுநோய்க் கிருமியை எதிர்க்கும் அணுத்திரள்கள் வழக்கம்போல் உருவாவதைக் கண்டு வியந்தார்கள். தொழுநோய் பெருகாததற்குப் பூரணமான விளக்கம் இன்றும் இல்லை. எனினும் ஒரு காரணம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: தொழுநோய்க் கிருமி இரட்டிப்பதற்கே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும், நோய் வெளிப்படச் சராசரியாக ஐந்தாண்டு, சிலருக்கு இருபதாண்டும் ஆகும், சிகிச்சையற்ற அக்காலத்து எச்.ஐ.வி. நோயாளிக்கு அவ்வளவு ஆயுள் வாய்க்கவில்லை.

ஆகவே தொழுநோய் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது, ஆயுள் திரும்பக் கிடைத்தபோதுதான். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தினால் எதிர்ப்புச் சக்தி மீண்டதும் மறைந்திருந்த தொழுநோய் சீறி வெளிப்பட்ட முதல் நிகழ்ச்சி, லண்டனில் சிகிச்சை பெற்ற உகாண்டா நாட்டவர் ஒருவரிடம் காணப்பட்டு, 2003இல் பிரசுரமாயிற்று. மறுவருஷம் ஏப்ரல் முதல் தேதி இந்திய அரசு அம்மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கிய ஆஸ்பத்திரிகளுள், 1928இல் டாக்டர் சௌரி முத்து நிறுவிய தாம்பரம் சானடோரியமும் ஒன்று. மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களில் பழைய தேமல் சிவந்து தடிப்பதும், நரம்பு வீங்கி வலிப்பதும் மருந்தின் ஒவ்வாமை என்று தவறாகக் கருதப்படக்கூடும். அதனால் நோயாளி உயிர் காக்கும் மாத்திரையையே நிறுத்திவிடுவதைவிடப் பெரிய விபரீதம் வேறில்லை. செய்ய வேண்டியது, அம்மாத்திரையை நிறுத்தாமல் தொழுநோய்க்கான கூட்டு மருந்தையும் பிரெட்னிசலோனையும் சேர்த்துக் கொடுப்பதே. தொழுநோய் மருந்தான டாப்சோன், எச்.ஐ.வி. மருந்தான சிடோவுடின் இரண்டும் இரத்தசோகை உண்டாக்குபவை ஆதலால், இவற்றைச் சேர்ந்து உண்பவரின் இரத்தத்தை அடிக்கடி பரிசோதிக்கவும் வேண்டும்.

இதே திருவள்ளூர் மாவட்டத்தில், கொல்கத்தா நெடுஞ்சாலையின்மேல் அமைந்த கும்மிடிப்பூண்டியின் இரும்பு உருக்காலைகளுக்கு இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆகிய, தொழுநோய் இன்னும் மிகுந்த மாநிலங்களிலிருந்து தொழிலாளர் வந்து சேர்கின்றனர். உணர்ச்சியற்ற விரலோடு உலைமுன் நிற்பவனுக்குச் சுட்டது தெரியாது. இரு நோயும் கண்டால், தொழுநோய்க்கு ஓரிடம், எச்.ஐ.வி.க்கு வேறிடம் என்று ஒருநாள் கூலியை இழந்து இருமுறை அலைய அவனால் இயலாது. ஆறு அல்லது பன்னிரண்டு மாத மருந்து முடியுமுன் அவன் ஊர் திரும்பிவிடுவதும் உண்டு. ஆகவே, எச்.ஐ.வி. மாத்திரை தொடங்கும் நாளிலேயே சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்ப்பதும், முழங்கைக்குப் பின்னும் முழங்காலுக்கு வெளிப்புறமும் ஓடும் நரம்புகளைத் தடவிப் பார்ப்பதும் சில நிமிஷங்களில் முடிகிற காரியம். அதற்கு யந்திரமும் வேண்டியதில்லை.